மாடி வீட்டுக் கிண்ணம்

"இன்னைக்கும் அந்த மாடி வீட்டுக்குக் கிண்ணம் போகணுமாக்கும்?"

ஹியாம் கரண்டியைப் பானைக்குள் விட்டுக் கலக்கினாள். பருப்புக் கஞ்சி அடியோடு ஒட்டிக்கொண்டு சுழன்றது. வீட்டிலிருந்த கடைசிப் பிடிப் பருப்பு அது.

வாசலில் வலையைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் கணவன் முனீர், கடலைப் பார்த்தபடியே சொன்னான். "போகாம? நோன்பு மாசம். பக்கத்து வீட்டுக்குக் குடுக்காம நம்ம வாயில எப்படி வைக்கிறது?"

"பெரிய துணிக்கடை முதலாளி வீடு! கிண்ணத்தை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு அவங்களும் ஏதோ போட்டுத்தான் அனுப்புறாங்க. என்ன போடுறாங்க? டர்னிப் ஊறுகாய்! அதுவும் நேத்து எண்ணி மூணே துண்டு. நம்ம கஞ்சிக்கு அவ்வளவுதான் மரியாதை."

"ஊறுகாய் நல்லாத்தானே இருந்துச்சு."

"உங்களுக்குக் கடல் காத்தை அள்ளிக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும்."

முனீர் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். காற்று ஓயவில்லை, படகு கரையில் கவிழ்ந்தே கிடக்கிறது. இதில் சிரிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது?

"நாளைக்குப் பானையில என்னத்தைப் போடுறது? அதைச் சொல்லுங்க முதல்ல."

"இன்னைக்குப் பானையில இருக்குல்ல? நாளைக்கு அல்லாஹ் இருக்கான்."

இந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியாது. கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, முந்தானைத் துணியால் பொத்தி எடுத்துக்கொண்டு படியேறினாள்.

பகலெல்லாம் நோன்பிருந்த உடம்பு. கால் படியில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து தேன் நிறத்தில் ஒரு வெளிச்சம் வந்து சுவரையெல்லாம் கரைத்துவிட்டிருந்தது. அவளும் கிண்ணமும் மட்டும் மேலே மேலே மிதந்து போவதுபோல் இருந்தது. கிண்ணத்திலிருந்து சீரக வாசம் எழுந்து முகத்தில் பட்டது.

அந்த மிதப்பிலேயே தன் பிள்ளைகள் இருவரின் முகமும் வந்தது.

இதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பானையில் ஊற்றினால் என்ன? ஆளுக்கு இன்னொரு கரண்டி கிடைக்குமே. ஊறுகாய் தின்னும் பணக்காரர்களுக்கு இது போகாவிட்டால் குடியா முழுகிவிடும்?

கதவைத் தட்ட ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

"வந்திருச்சா?"

கதவுக்குப் பின்னால் முதலாளி அபூ ஸியாதின் குரல். கடைவீதியே அதிரப் பேசுகிறவர். இப்போது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருக்குங்க. வரும்." அது அவர் மனைவி உம்மு ஸியாத்.

"வரலைன்னா? கடை முழுகினது ஊருக்குத் தெரியாது. நம்ம வயித்துக்குத் தெரியுதே! நேத்து அந்தக் கிண்ணத்துக் கஞ்சி குடிச்சதுதான்."

"அல்லாஹ் ஒரு நாளும் விட்டதில்ல. இன்னைக்கும் அனுப்புவான். என் கவலை அது இல்லைங்க. ஊறுகாய் ஜாடி காலி. வெறுங்கிண்ணத்தை எந்த முகத்தோட ஹியாம்கிட்ட நீட்டுவேன்?"

படியில் நின்ற ஹியாமுக்குச் சட்டென்று கால் தரையில் பாவியது.

அல்லாஹ் நமக்கு எப்போது அனுப்புவான் என்று அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனோ அவளையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

கதவைத் தட்டினாள்.

உள்ளே பேச்சு நின்றது. கொஞ்சம் பொறுத்துக் கதவு திறந்தது. உம்மு ஸியாத் தலைத்துணியைச் சரிசெய்தபடி, எப்போதும்போல எடுப்பாகச் சிரித்தாள்.

"வா கண்ணு. உனக்கு எதுக்கு இந்தச் சிரமம்? எங்க வீட்டுல எல்லாம் சமைச்சு அடுக்கி வச்சிருக்கு."

"தெரியும் அக்கா. என் கைப்பக்குவத்துக்காக ஒரு வாய்." கிண்ணத்தை அவள் கையில் திணித்தாள் ஹியாம். இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கிண்ணத்தைத் திருப்பி அனுப்பாதீங்க. எங்க அலமாரியில வைக்க இடமே இல்ல. நாளைக்குக் கஞ்சியை வேற கிண்ணத்துல கொண்டாறேன்!"