போனுக்குள் இருப்பது

நெட்டைக்கையன் என்றொரு பேய் போனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வருமாம். புதுமடத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீடியோவைப் பார்த்திருந்தார்கள். நாலு வயது லாமியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"நெசமா வருமா உம்மா?"

"போனுக்குள்ள இருக்கிறது எதுவும் வெளிய வராது. அல்லா மேல சத்தியம்" என்று அடித்துச் சொன்னாள் அஃபீஃபா.

"வாப்பாவும் அப்படித்தான் சொன்னாக" என்று சமாதானமாகி லாமியா வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. நுஃமான் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்து, இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வாப்பாகிட்ட வாம்மா!"

பிள்ளை வீல் என்று அலறிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டது.

லாமியா வயிற்றில் இருக்கும்போது துபாய்க்குப் போனவனுக்கு இப்போதுதான் முதல் லீவு. அவள் அறிந்த வாப்பா அஃபீஃபாவின் போனில், கழுத்து வரைக்கும்தான்.

எவ்வளவு கெஞ்சியும் பிள்ளை வெளியே வரவில்லை. கடைசியில் நுஃமான் கொல்லைப்பக்கம் போய் வீடியோ காலில் கூப்பிட்டான். அஃபீஃபா போனைக் கட்டிலுக்கடியில் நீட்டினாள்.

வாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் லாமியாவுக்கு உயிர் வந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வாப்பா, இங்கன அது வந்திருச்சு. நீங்க வந்துராதீக. போனுக்குள்ளயே பத்திரமா இருங்க!"