இரண்டு இருபதுக்கு அறையில் இருந்தது யார்?

“அலாரத்தை அமுக்கினது நீதானே? ஒத்துக்கோ, ஸுகைனா. சீக்கிரம் முடிச்சுட்டு அவங்கவங்க வீட்டைப் பார்த்துப் போவோம்.”

“நான் அமுக்கலை, ஸி ஸுஹைர். நூறு தடவை கேட்டாலும் இதான் பதில்.”

“அப்போ ஷைத்தான் வந்து அமுக்கிச்சா? நோன்பு மாசத்துல அதையும் கட்டிப் போட்டிருக்காங்களே!”

மெக்னெஸ் நகரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறை அது. நோன்பு தொடங்கி இரண்டாம் நாள். மூன்று மணிக்கே மற்ற பிரிவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இந்த அறையில் இன்று வேலைக்கு இவர்கள் இரண்டு பேர்தான். ஸுஹைர் அறைக்குத் தலைவர்; மரியாதைக்கு ஆண்களை ‘ஸி’ என்றும் பெண்களை ‘லல்லா’ என்றும் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். ஸுகைனா ஒப்பந்த ஊழியர்.

சுவரில் பெரிய திரை. மருத்துவமனையின் சர்வர்கள் அத்தனையும் அதில் பச்சைப் புள்ளிகளாக நிற்கும். ஒன்று படுத்துவிட்டால் புள்ளி சிவந்து, அலாரம் அலறும். இங்கே உட்கார்ந்திருப்பவர் ‘பார்த்துவிட்டேன்’ என்று அமுக்கினால்தான் வாயை மூடும்; புள்ளியும் பச்சைக்குத் திரும்பிவிடும். அமுக்கிய கையோடு போய்ச் சரி செய்யவும் வேண்டும்.

இன்றைக்கு லேபின் சர்வர் படுத்தது. யாரோ அமுக்கினார்கள். அதோடு சரி, யாரும் போய்ப் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வராமல், அறுவை சிகிச்சைக்குப் படுக்க வைத்த ஒரு மனிதர் மேசையிலேயே கிடந்தார். நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இயக்குநர் அம்மா கொதித்துப்போய்விட்டார். இன்றே பேர் வேண்டுமாம்.

அமுக்கியது யார் என்று திரை சொல்லாது. இந்த அறையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. நேரத்தை மட்டும்தான் சொல்லும்.

“கேட்டுக்கோ,” என்று ஸுஹைர் விரல் விட்டு எண்ணினார். “ஒரு மணிக்கு நீ கீழே தொழப் போனே. ஒண்ணே முக்காலுக்குத்தான் வந்தே. அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு நகரலை. ரெண்டு மணிக்கு என்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தேன். திரை என்ன சொல்லுது? ரெண்டு இருபது! அப்போ இங்கே யாரு இருந்தா?”

“நான்தான்.”

“கூட யாரு?”

“யாரும் இல்லை.”

“அப்புறம் என்ன?”

“அலாரமே அடிக்கலையே! நான் வந்தப்புறம் ஒரு சத்தமும் கேக்கலை. லேப்காரங்க போன் பண்ணப்போ, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு கத்தினாங்களே. உங்க கணக்குப்படி அரை மணி கூட இல்லையே?”

“லேப்காரங்களுக்குப் பத்து நிமிஷமே ஒரு மணி நேரம்தான். பேச்சை மாத்தாதே.”

இவள் பதில் சொல்கிற வேகமே ஸுஹைருக்குப் பிடிக்கவில்லை. வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி இரண்டு முறை மனு கொடுத்தாள். இரண்டு முறையும் கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே செய்தாளோ? எத்தனை நாளாகத் திட்டமோ! முகத்தைப் பார்த்தால் பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கிறது. இப்படிப்பட்டவர்களைத்தான் நம்பவே கூடாது.

“எனக்கு வீட்டு வாடகை, பொண்ணு படிப்பு எல்லாம் இந்தச் சம்பளம்தான், ஸி ஸுஹைர். செய்யாத தப்புக்கு என்னை அனுப்பாதீங்க.”

போன் அடித்தது. இயக்குநர்.

“யாருன்னு தெரிஞ்சுதா?”

“பத்து நிமிஷம் குடுங்க, லல்லா பஹீஜா. ரெண்டு இருபதுன்னு நேரம் பதிவாகியிருக்கு. திரை பொய் சொல்லாது. அப்போ தனியா இருந்தது யாரோ, அவங்கதான்.”

“யாரா இருந்தாலும் நாளைக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது.”

“அதான் நியாயம். யாரா இருந்தாலும்.”

ஸுகைனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தப் பதிவை எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுங்க. தொழிலாளர் ஆபீசுக்குப் போறேன்.”

“தாராளமாப் போ!”

பிரிண்டர் தாளைத் துப்பியது. அவள் அதை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இப்போ மணி என்ன?”

ஸுஹைர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மூணே கால். ஏன், நோன்பு திறக்க அதுக்குள்ள அவசரமா?”

“நீங்க சர்வரைத் திரும்பக் கிளப்பினது எத்தனை மணிக்கு?”

“வந்த உடனே. ரெண்டு ஐம்பது இருக்கும்.”

“இதுல மூணு ஐம்பதுன்னு இருக்கே. இன்னும் வராத மணியில எப்படிக் கிளம்புச்சு?”

தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. இரண்டு இருபது என்ற வரியைக் கண்டதுமே அவர் படிப்பதை நிறுத்தியிருந்தார்.

“நோன்புக்காக ஞாயித்துக்கிழமை நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளினோம்,” என்றாள் ஸுகைனா மெதுவாக. “இந்த மெஷின்ல யாரும் தள்ளலை. அப்போ இதுல ரெண்டு இருபதுன்னா, நமக்கு ஒண்ணு இருபது.”

ஒன்று இருபதுக்கு அவள் கீழே தொழுகையில் இருந்தாள். ஸுஹைர் தன் நாற்காலியைப் பார்த்தார். பசி மயக்கத்தில் இதே நாற்காலியில் தலை தொங்கியதும், காதருகே ஏதோ அலறியதும், ‘சனியன், தூங்க விடுதா பார்’ என்று அரைக்கண்ணோடு அமுக்கியதும் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன.

மறுபடி போன்.

“வேலையை விட்டு நீக்குற கடிதம் அடிச்சுக் கையெழுத்தும் போட்டாச்சு, ஸி ஸுஹைர்,” என்றார் இயக்குநர். “பேர் மட்டும்தான் பாக்கி. சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”