புள்ளிக் கரைச் சேலை

“பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல இது என்ன சேலை மகள்? கரை முழுக்கப் புள்ளியும் கோடும்!” என்று எல்கடுவ ஊர்க்காரர் நோபர்ட் சலித்துக்கொண்டார்.

“நான் டிசைன் பண்ணின ஃபொண்ட் அப்பா. கம்பியூட்டர்ல தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டினா, அந்தக் காலத்துத் தந்தியில அடிச்ச மோர்ஸ் குறியா வந்து விழும். அதையே துணியில பிரிண்ட் பண்ணிட்டேன்.”

“அப்படி என்னத்தைத் தட்டின?”

“ஜெபம்தான் அப்பா,” என்றாள் ஜெனிஸ்டா.

யட்டவத்தயிலிருந்து தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளை டிரோஷன், நிமிர்ந்தே பார்க்கவில்லை. அடக்கமான பிள்ளை என்று நோபர்ட்டுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அவன் தாய் பிலோமினா, தேத்தண்ணியை ஆறவிட்டு ஜெனிஸ்டாவின் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் வேறு மெல்ல அசைந்தன.

நோபர்ட்டுக்கு வியர்த்தது. “பிள்ளைக்கு பக்தி கூட. அது ஜெபமுங்க.”

“வாசிச்சேன் அண்ணே.”

“வாசிச்சீங்களா?”

“கல்யாணத்துக்கு முந்தி தபால் கந்தோர்ல தந்தி அடிச்சவதானே நான்.”

டிரோஷன் முதன்முறையாக நிமிர்ந்தான். அவனுக்கே இது புதுச் செய்தி.

பிலோமினா கரையை விரலால் தொட்டு நிதானமாக வாசித்தார்: “‘டிரோ, சிரிச்சிடாத. நாம மூணு வருஷமா லவ் பண்றது உங்க அம்மாவுக்குத் தெரியக் கூடாது.’ தோள்லயிருந்து கால் வரைக்கும் ஒம்பது தடவை ஜெபிச்சிருக்கா அண்ணே.”

நோபர்ட் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆண்டவர் இந்த ஜெபத்தை மட்டும் கேட்கல்ல,” என்று பிலோமினா தேத்தண்ணியை எடுத்தார். “சரி, கல்யாணத்தை எப்ப வைப்போம்?”