பார்க்காமல் போகிறவள்

"எனக்குப் போய் இந்த வேஷமா?" கையிலிருந்த கதைத் தாளை மேசை மேல் போட்டாள் விஜயகுமாரி.

வில்லியனூர் பக்கம் ஒரு மாதா கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறவள். இருபது வருஷமாகப் படம் ஒட்டின அட்டையைத் தூக்கிப் பிடித்தே இயேசு சொன்ன உவமைகளைச் சொல்லிக் கொடுத்தவள். போன வருஷம் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வந்தவள் வினோதினி. உவமைகளைக் கேமராவில் படமாக எடுத்து, திரை கட்டிக் காட்டுகிறாள். பசங்க இப்போது அட்டைப் பக்கம் திரும்புவதே இல்லை.

இந்தத் தடவை நல்ல சமாரியர் கதை. ஒருவன் ரோட்டோரம் அடிபட்டுக் கிடப்பான். கோயிலுக்குப் போகிற ஒருத்தி ஸ்கூட்டியில் வந்து, பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவாள். அடுத்து வருகிறவள் தூக்குவாள்.

"தூக்கறது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"அதானே. நல்லவ நீ, கல்நெஞ்சக்காரி நானா?"

"அப்படி இல்ல டீச்சர். பசங்களுக்கு உங்க மேல அவ்ளோ மரியாத. நீங்களே நிக்காம போனாதான் அதுங்களுக்குச் சுருக்குனு இருக்கும்."

"வேற ஆளப் பாரு."

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது, "மாதாவே, எனக்கு அவ மேல பொறாமை இல்ல" என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை படப்பிடிப்பு. விஜயகுமாரிக்கு அதில் வேலை இல்லை. பீடத்துக்குப் பூ எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள். உறுவையாறு தாண்டி, வளைவில் வேகம் குறைந்தது.

வாய்க்கால் ஓரம் சேவியர் கிடந்தான். அடிபட்டவன் வேஷம் அவனுக்குத்தான். கிழிந்த சட்டை. நெற்றியெல்லாம் சிவப்பு. பக்கத்தில் சாய்ந்த பைக்.

'அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாளா?' எதிரே இருந்த கரும்புக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். அங்கேதான் எங்கேயோ கேமராவை ஒளித்து வைத்திருப்பாள்.

"டீச்சர்... டீச்சர்..." சேவியர் கையைத் தூக்கினான்.

'நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கா.' அவளுக்கு வயிறு எரிந்தது.

"இரு, இரு. உன்னத் தூக்க ஒருத்தி வருவா" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினாள்.

கோயில் வாசலில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள் வினோதினி.

"டீச்சர், வழியில சேவியரப் பாத்தீங்களா? ஏழு மணிக்கே வரேன்னான். போன் பண்ணா எடுக்கல. இன்னும் ஒண்ணுமே ஆரம்பிக்கல."

விஜயகுமாரியின் கையிலிருந்த பூப்பை கீழே விழுந்தது. அவள் வாய் திறப்பதற்குள் வினோதினியின் போன் அடித்தது. சேவியர் நம்பர். பேசியது யாரோ ஒரு பெண்.

"யாரும்மா நீ? இந்த போனுக்காரரு ரோட்டுல வுழுந்து கிடந்தாரு. மீன் ஏத்திக்கினு போன ஆட்டோவுலயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிக்கினு இருக்கேன். சீக்கிரம் வந்து பாத்துக்க, என் மீனு நாறிப்பூடும்."

இவர்கள் போய்ச் சேர்ந்தபோது மீன்காரம்மா கிளம்பியிருந்தாள். சேவியருக்குக் கால் முறிவு, தலையில் ஆறு தையல். இன்னும் கொஞ்ச நேரம் ரத்தம் போயிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர்.

"எவ்ளோ நேரம்டா கிடந்த? அந்த வழியா யாருமே வரலையா?" வினோதினி கேட்டாள்.

சேவியர் விஜயகுமாரியைப் பார்த்தான். பிறகு மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தான்.

"யாரும் வரலக்கா."

விஜயகுமாரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வினோதினி, அந்த ஸ்கூட்டி வேஷத்துக்கு ஆள் கிடைச்சுதா?"

"இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன் டீச்சர். அத ஏன் இப்ப..."

"தேடாத. அத நான் காலையிலயே செஞ்சிட்டேன்."