பத்தாமிடத்துக்காரன்

“பத்துப் பேரையும் சொல்லட்டோ?” என்று கேட்டான் ரொறன்ரோ மாப்பிள்ளை.

நாகேஸ்வரி ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

கொழும்பு வெள்ளவத்தை, நிலாமின் கொமியூனிக்கேஷன் கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் அவள். வெளியே அவளுடைய ஐயா தில்லைநாதன். அவருக்குப் பின்னால் பிரான்சிலிருந்தும் சுவிசிலிருந்தும் அழைப்பு வரும் என்று காத்திருக்கிற பாதி யாழ்ப்பாணம். கூண்டின் கதவு முழுதாகச் சாத்தாது. ஆகவே இது இரகசியப் பேச்சு என்று யாரும் பாசாங்கு பண்ணவில்லை.

மாப்பிள்ளையின் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. கனடாக்காரரின் வாய்க்கு வசதியாக வெட்டி வெட்டி, இப்போது ஸ்ரீ மட்டும் மிச்சம்.

சாதகம் பொருந்திவிட்டது. படமும் இரண்டு பக்கத்துக்கும் பிடித்துவிட்டது. மிஞ்சியது இந்த ஒரு பேச்சு. அது முடிந்து வெளியே வந்ததும் ஓமோ இல்லையோ என்று அவள் சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, பொலிஸ் பதிவோடு லொட்ஜில் கிடக்கிற தகப்பனும் மகளும் எவ்வளவு காலத்துக்குத்தான் கிடப்பது? இல்லை என்றால் அடுத்த கப்பலில் திரும்புவோம் என்று ஐயா சொல்லிவிட்டார்.

அவள் கேள்விகளோடுதான் வந்தாள். குடிப்பாரோ, கோபக்காரரோ, இவ்வளவு காலமும் ஏன் கட்டவில்லை. பதற்றத்தில் எல்லாம் பறந்துபோக, “உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று கேட்டுத் தொலைத்தாள்.

“பாஸ்கற்போல்,” என்றான். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

அடுத்த மாதம் அங்கே போட்டிகள் தொடங்குகின்றனவாம். இந்த வருடம் ஆர் பெரிய ஆட்டக்காரன் என்று ஒரு பத்திரிகை முன்கூட்டியே பத்துப் பேரை வரிசைப்படுத்திப் போட்டிருக்கிறதாம்.

“முதலாவது ஜோர்டன். அதில சண்டையில்லை.”

நாகேஸ்வரிக்குத் தெரிந்த ஜோர்டன், பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிற நாடு. “ஓமோம்,” என்றாள், போய்வந்தவள் மாதிரி.

அதற்காக அவள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. பள்ளிக்கூட நெற்போல் ரீமில் கோல் ஷூட்டராக இருந்தவள். ஆம்பிளையள் விளையாடினால் பாஸ்கற்போல், பொம்பிளையள் விளையாடினால் நெற்போல், மற்றப்படி இரண்டும் ஒன்று என்பது அவளுடைய விளையாட்டு ஞானம். வளையம் ஒன்றுதானே!

“நாலாவது ஒரு சென்ரர். ஏழடி உயரம். போன வருசம் கோல் கோலாப் போட்டுத் தள்ளினவன்.”

நெற்போலில் சென்ரருக்குக் கோல் போடும் உரிமை கிடையாது.

“சென்ரர் எப்பிடிக் கோல் போடலாம்? அம்பயர் விட்டவரோ?”

“இஞ்ச விடுவினம்,” என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

வெளிநாட்டில் எல்லாவற்றுக்கும் விடுவார்கள் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள்.

பத்தாவது ஆளுக்கு வந்தபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

“இவன் போன வருசம் மூண்டாவது. முழங்காலில ஒப்பரேசன் செய்தவன் எண்டு கடைசியில தள்ளியிருக்கிறாங்கள். நீங்கள் எண்டால் எங்க போடுவியள்?”

பெண் பார்க்க வந்தவர்கள் அவளிடம் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள், தேத்தண்ணி கேட்டிருக்கிறார்கள். அபிப்பிராயம் கேட்டவர் இதுவரை எவருமில்லை. வெளியே வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டது.

“எறியிற கை நல்லாயிருக்கோ?”

“கை அந்தமாதிரி. குறி தப்பாது.”

“பிறகென்ன? முதலாவதாப் போடுங்கோ.”

“ஜோர்டனுக்கும் மேலயோ?”

“அவர் என்ன செய்யிறவர்?”

“ஓடுவார். பறப்பார்.”

“அதுதான் பிழை,” என்றாள், பந்தோடு ஓட விடாத நெற்போலின் கோல் ஷூட்டர். “பந்து கையில வந்தாப் பிறகு காலுக்கு என்ன வேலை? நிண்ட இடத்தில நிண்டு வளையத்தைப் பாத்து எறியோணும். எறியத் தெரியாததுகள்தான் ஓடித் திரியிறது. கால் என்னத்துக்கு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். “சும்மா இருங்க, புள்ள சரியாத்தான் சொல்லுது,” என்று அடக்கினார் நிலாம்.

ரொறன்ரோவில் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, “ஹலோ, ஹலோ,” என்றாள்.

“இருக்கிறன்.”

பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். “எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. ஊரில ஷெல் விழுந்தது. இப்ப பொய்க்கால். முதல் நாளே உங்கட ஐயாவுக்குச் சொன்னனான். பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன் எண்டவர். இப்ப நீங்கள் கதைக்கிறதைக் கேட்டால், சொல்லேல்லைப் போல கிடக்கு.”

நாகேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

ஐயா, நெற்றி நிறையத் திருநீறோடு, நிலாமின் சுவரில் தொங்கிய மக்கா படத்தை உருகி உருகிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தது. ஐயாவில்தான் வந்தது. ரெலிபோனின் மற்றப் பக்கத்தில் இருந்தவனிலும் கொஞ்சம் வருகிறதா என்று தேடிப் பார்த்தாள். வரவில்லை.

“ஹலோ?” இப்போது அவன் கூப்பிட்டான். “விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.”

“அதை விடுங்கோ. எனக்கு எத்தினை வயசெண்டு ஐயா சொன்னவர்?”

“இருபத்தாறு.”

அவள் வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வாயை ரெலிபோனோடு ஒட்டவைத்தாள்.

“கொஞ்சம் கூட்டவேணும்,” என்றாள். “வைச்சிடாதேங்கோ.”