வலப்பக்க ஜன்னலோரம்

ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் சேர்ந்து போகும் வாடகை வேன் வந்து நின்றதும் பரசுராமன் வழக்கம்போல் தன் சிவப்புத் துண்டை வலப்பக்க ஜன்னல் வழியாக எறிந்து இடம் பிடித்தார். 1982ஆம் வருஷம், வேலூரில் கால்பந்துக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். திருவண்ணாமலை அணி ஏற்கெனவே நான்கு இறுதி ஆட்டங்களில் தோற்றிருந்தது. நான்குக்கும் போய்த் தொண்டை கட்டக் கத்திவிட்டு வந்ததில் அவருக்கு அலுத்துவிட்டது.

“இன்னாண்ணா, இந்த வாட்டி எத்தினி கோலு?” என்றான் பக்கத்தில் உட்கார்ந்த சக்கரவர்த்தி.

“நமக்கா, அவங்களுக்கா?”

வேனே சிரித்தது.

போளூர் தாண்டியதும் எதிரே ஒரு வேன் மெதுவாக வந்தது. அதே பச்சை, அதே நம்பர், முகப்பில் காலையில் இவர்கள் கட்டிய அதே கொடி. உள்ளே சக்கரவர்த்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் எல்லோரும் இருந்தார்கள், யாரும் பேசவில்லை. ஜன்னலோர இடத்தில் ஆள் இல்லை; அவருடைய சிவப்புத் துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கோப்பை இருந்தது.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லப் பரசுராமன் வாயைத் திறந்தார்.

“சொல்லுண்ணா, ஜெயிப்போமா?”

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்து, நிதானமாக மடித்தார்.

“ஜெயிச்சிடுவீங்கடா,” என்றார்.