மெயின் அருவியின் நட்டநடுவில்

இதனால் உற்றார் உறவினர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வருகிற மே மாதம் பதினான்காம் நாள், புதன்கிழமை, காலை சரியாக எட்டு மணிக்கு, திருமதி பொற்கொடி அவர்கள் குற்றாலம் மெயின் அருவியின் நட்டநடுவில் நிற்பார்.

குடும்ப வாட்ஸப் குழுவில் இதைப் போட்டுவிட்டுப் பொற்கொடியின் கணவர் காபி குடித்தார்.

நகராட்சியில் கண்காணிப்பாளர். சுற்றறிக்கை எழுதியே பழகிய கை.

பொற்கொடி பதினோரு ஆண்டுகளாகக் குற்றாலம் போய் வருகிறாள். அருவிக்கு அடியில் ஒருமுறைகூட நின்றதில்லை.

கூட்டிப்போவது சகலை. பொற்கொடியின் அக்காள் கணவர். வேன் பிடிப்பதிலிருந்து பரோட்டாக் கடையைத் தீர்மானிப்பது வரை அவர் ராஜ்ஜியம். ஆடியில்தான் போவார். ஊர் உலகமும் ஆடியில்தான் வரும். பெண்கள் பக்கம் தலைமேல் தலையாக இருக்கும். பொற்கொடி ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, அடுத்தவள் முதுகில் பட்டுத் தெறிப்பதை வாங்கிக்கொள்வாள். போலீஸ்காரர் விசில் ஊதியதும் முதல் ஆளாக வெளியே வருவாள்.

திரும்பும் வேனில் எல்லோரும் தலையில் அருவி விழுந்த கதையைப் பேசுவார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

அவள் கணவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் தலைமை அவர்.

கூட்டம் இல்லாத மாதம் எது என்று ஆராய்ந்தார். மே. போன வருஷ மே மாதப் பேப்பர் ஒன்றையும் கத்தரித்து வைத்திருந்தார். கோடை மழைக்கு அருவி கொட்டுகிற படம். பார்க்க ஓர் ஆள் இல்லை.

இது யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்கே தன் மேல் மரியாதை வந்தது.

இந்த வருஷம் மழை பெய்ததா என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லை.

சகலை குழுவில் ஒரு சிரிப்புமுகம் மட்டும் போட்டார்.

வெற்றிகள் தொடங்கின. வழியில் நெரிசல் இல்லை. லாட்ஜ்காரர் தெருவுக்கே வந்து பெட்டியை வாங்கினார். எந்த அறை வேண்டும் என்று கேட்டார். எல்லா அறையும் இருந்தது.

காலையில் உத்தரவு போட்டார். அருவிக்குக் கிளம்புமுன் அனைவரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். பெண்கள் அறைக்குள் தேய்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துவைத்துத் தேய்த்தார்கள். அவருக்கும் சகலைக்கும் தேய்க்க வாசலுக்கே ஆள் வந்தது.

“ரெண்டு மாசத்துல நீங்கதான் மொதப் போணி, அண்ணாச்சி.”

வழக்கத்தைவிட ஒரு கிண்ணம் கூடவே ஊற்றினான். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை மினுமினுத்தபடி ஊர்வலம் கிளம்பியது. முன்னால் அவர்.

கடைத்தெரு முனையிலேயே இரைச்சல் கேட்கவேண்டும்.

கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்தார்கள்.

பாறை நின்றது. பாறை மட்டும்.

“என்ன சகலை, அருவியத் தொடைச்சு வச்சிருக்காங்க. நீங்க வர்றீங்கன்னு சொல்லி விட்டீங்களோ?” என்றார் பின்னால் வந்த சகலை.

“உங்களுக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“தலைவர்ட்ட யாரு பேசுறது?”

அவர் காது சுட்டது. நெற்றி எண்ணெய் வழிந்து கண்ணுக்குள் போனது. துடைக்கவில்லை. கண் திறந்தால் பொற்கொடி முகத்தைப் பார்க்கவேண்டும்.

பதினோரு ஆண்டு. அதோடு இன்று.

செருப்புச் சத்தம் கேட்டது.

பொற்கொடி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனாள். கல் உறுத்தியது. எட்டி எட்டி வைத்தாள்.

நட்டநடுவில் போய் நின்றாள்.

பாறையில் முதுகைச் சாய்த்தாள். இரண்டு கையையும் விரித்தாள். தண்ணீர் வந்து விழுகிற உயரத்தை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

“அத்தான்! பதினோரு வருசம் கூட்டியாந்தீங்களே. ஒரு நாளு என்னைய இங்க நிக்க விட்டீங்களா?”

சகலை நெற்றி எண்ணெயைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, நீயும் வா!”

அக்காள் தன் கணவரைப் பார்க்காமலே போய்விட்டாள். பிள்ளைகள் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

“ஏங்க, நீங்க என்ன அங்கயே நிக்கிறீங்க?”

“அது லேடீஸ் பக்கம்” என்றார் அவர். கண்காணிப்பாளர்.

பொற்கொடி சுற்றிலும் பார்த்தாள். கம்பியின் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

“அதுவா உங்க மேல கம்ப்ளெய்ண்ட் குடுக்கப் போகுது? வாங்க.”

போனார்.

அந்த அருவிக்கு அடியில் அவரும் அவளும் சேர்ந்து நிற்பது இதுவே முதல் தடவை. சீசனில் வந்திருந்தால் நடக்குமா? ஆண்கள் அந்தப் பக்கம், பெண்கள் இந்தப் பக்கம், நடுவில் விசில்.

போட்டோ எடுக்கும் பொறுப்பு சகலைக்கு வந்தது. எண்ணெய்க் கையில் போன் இரண்டு தடவை வழுக்கியது.

“கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, சகலை” என்றார். குரலில் பழைய அதிகாரம் இல்லை.

மணி எட்டு பத்து. நிகழ்ச்சி நிரலின்படி பத்து நிமிஷம்தான் தாமதம்.

கண்காணிப்பாளர் படத்தைக் குழுவில் போட்டார். கீழே ஒரே சொல்: அறிவித்தபடி.

திரும்பும் வழியெல்லாம் பொற்கொடிதான் பேசினாள். பாறைக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி இருக்கிறதாம். கை வைத்தால் அச்சாகப் பொருந்துகிறதாம். தண்ணீர் விழும்போது வருகிறவர்களில் ஒருத்தருக்கும் அது தெரியாதாம். அக்காள் அதை மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னாள். சகலை பின்னால் வந்தார்.

கண்காணிப்பாளர் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்தார்.

எண்ணெய் போகக் குளிக்க லாட்ஜில் ஆளுக்கு ஒரு வாளி தண்ணீர் கொடுத்தார்கள்.